நாற்பதாவது புள்ளி

அந்த ஆய்வகத்துச் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதன் கண்ணாடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, ‘நாலு நிமிடம் கூட’ என்று பேனாவால் எழுதியிருந்தது. எந்தத் தேதியில் பார்த்தது, எந்தக் கடிகாரத்தோடு ஒப்பிட்டது என்பதும் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அல்லிநகரத்தில் அந்த ஆய்வகத்துக்குள் நான் முதன்முதலாக நுழைந்த அன்று கண்ணில் பட்டது அதுதான். ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பிவைக்க அரை நிமிடம் போதும்.

“சரி பண்ணிரவாக்கா?” என்றேன்.

“வேணாம் தம்பி. சரி பண்ணிட்டா, நாளைக்கு எவ்வளவு தப்பா ஓடுதுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும். தப்பா ஓடிட்டுப் போகட்டும். எவ்வளவு தப்புன்னு நமக்குத் தெரிஞ்சாச் சரி.”

ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் அவர். ஒல்லியான உருவம். வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளிலும் பைக்கொன்றாய் இரண்டு ஸ்டாப்வாட்ச். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்குவார் என்று பிறகு தெரிந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஃபோன் வரும். ‘இது நாந்தேன்னு எதை வச்சு முடிவு பண்ணுன?’ என்று கேட்பார். அந்த ‘எதை வச்சு’ என்ற கேள்விக்கு என்னிடம் ஒருநாளும் முழுப் பதில் இருந்ததில்லை.

என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் இருந்ததில்லை. போடிக்கு அரை மணி நேரத்தில் போய்விடும் என்று கண்டக்டர் சொன்னால், “எதை வச்சுச் சொல்றீக? சந்தையன்னைக்கா, சும்மா நாள்லயா?” என்பார். காய்ச்சல் குறைந்துவிட்டது என்று ஒரு தாய் சொன்னால், தொட்டுப் பார்த்ததா, தெர்மாமீட்டர் வைத்ததா என்று கேட்பார். டீக்கடைக்காரர் ‘சீனி கம்மிதேன் போட்டுருக்கேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அக்கா கடைக்கு வருவதைப் பார்த்தாலே கரண்டியைத் தூக்கிக் காட்டிவிடுவார். சிலருக்கு இது வேடிக்கை, சிலருக்கு எரிச்சல். எனக்கு முதல் வாரம் முழுக்க எரிச்சல்தான்.

அப்போது நான் ரத்தம் உறைவதை அளக்கும் இயந்திரங்களை விற்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கெங்குவார்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா தேங்காய் மூட்டை ஏற்றுகிறவர். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் லேப்டாப் பையுமாக நான் பஸ் ஏறுவதை எங்கள் தெருவே நின்று பார்க்கும். அச்சாகி வரும் எண் எதுவும் எனக்கு அப்போது வேதம்.

இரண்டாம் நாளே அதில் கை வைத்தார்.

“வயசு என்ன தம்பி?”

“இருபத்திமூணு முடிஞ்சுருச்சுக்கா.”

“எதை வச்சு?”

“சர்டிஃபிகேட்ல அப்படித்தேன் இருக்கு. ஜூன் மாசம்.”

“அம்மா என்ன சொல்றாக?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா சொல்வது வேறு. வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம், சித்திரை வெயிலில் நான் பிறந்தேன் என்பார். பள்ளியில் சேர்க்க வயது பற்றவில்லை என்று ஹெட்மாஸ்டர்தான் ஒரு ஜூன் தேதியைப் போட்டு, என்னைப் பதினோரு மாதம் மூத்தவனாக்கிவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு அதே தேதி. இதை வெளியில் சொல்ல எனக்கு எப்போதுமே கூச்சம். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பிறந்தநாள்தானே இருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஒனக்கு ரெண்டு பொறந்தநாள். ஒண்ணு பள்ளிக்கூடத்து வழி, ஒண்ணு ஆத்தா வழி. ரெண்டையும் எழுதி வச்சுக்க. எது எங்கன செல்லும்னும் பக்கத்துல எழுதிக்க” என்று சொல்லிவிட்டு, ரத்தம் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜைத் திறக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். பதினைந்து வருடக் கூச்சம் ஒரு வாக்கியத்தில் குறிப்பேட்டுச் சமாச்சாரமாக மாறிவிட்டது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். போடியிலிருந்து வந்தது என்றார். அவருடைய அம்மா அங்கே ஒரு வியாபாரியிடம் ஏலக்காய் பொறுக்கும் வேலை பார்த்தவர். ஏலக்காயை இரண்டு வழியில் அளப்பார்கள். சல்லடையில் போட்டுச் சலித்தால் பருமன் தெரியும். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய அள்ளி எடை போட்டால் உள்ளே விதை இருக்கிறதா என்பது தெரியும்.

“சல்லடையில நல்லா உருட்டுக் காயா நிக்கும் தம்பி. பார்த்தா அப்படி ஒரு பச்சை. லிட்டர்ல போட்டா எடை நிக்காது. உள்ள ஒண்ணுமிருக்காது, வெறும் தொலி. எங்க ஊர்ல ஒருத்தரு அவசரத்துல சல்லடைய மட்டும் பார்த்து ஒரு லோடு வாங்கிட்டாக. சல்லடை பொய் சொல்லல. அது கேட்ட கேள்விக்குச் சரியாத்தேன் பதில் சொல்லுச்சு. அவுகதேன் இன்னொரு கேள்விய கேக்காம விட்டுட்டாக.”

பேட்டரிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். “என்னையே ரெண்டு வழியில அளந்தவ தம்பி இவ. சொந்தபந்தத்தோட போய்ப் பொண்ணு பார்த்தேனா? இவ சரின்னு சொல்லல. மறுவாரம் எங்கடைக்கு, நான் எதிர்பாக்காத நேரமாப் பார்த்து, பழைய பேட்டரி ஒண்ணத் தூக்கிக்கிட்டு வாராக எங்க மாமனாரு. பின்னாடி இவ. நான் கஸ்டமர்ட்ட எப்படிப் பேசுறேன்னு பார்க்கணுமாம்.”

“ரெண்டும் ஒத்துருந்துச்சா?” என்றேன்.

“கிட்டத்தட்ட” என்றார் அக்கா, தயிரைப் பிசைந்தபடி.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன்.

ரத்தம் உறைய உடம்பில் பல பொருட்கள் வரிசையாக வேலை செய்யவேண்டும். அவற்றில் ஒன்றுக்கு எட்டாம் காரணி என்று பெயர். அது குறைந்தவர்களுக்குக் காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு அந்த ஆய்வகத்தில் பழைய முறை ஒன்று இருந்தது. நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவை எடுத்து, எட்டாம் காரணியே இல்லாத வேறொரு பிளாஸ்மாவோடு கலந்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். குப்பிக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு உருண்டுகொண்டிருக்கும். உறைந்ததும் குண்டு நின்றுவிடும். சீக்கிரம் நின்றால் எட்டாம் காரணி நிறைய, தாமதமாக நின்றால் குறைவு. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் இருந்தால் கவலையில்லை.

நான் கொண்டுபோன இயந்திரம் இன்னொரு முறையிலும் அளக்கும். அதில் பிளாஸ்மாவை உறையவே விடுவதில்லை. எட்டாம் காரணியைச் சில நிமிடம் வேலை செய்யவிட்டு, அந்த வேலைக்கு ஏற்ப மஞ்சள் நிறம் வரவைத்து, நிறம் எவ்வளவு அடர்த்தி என்று விளக்கொளியில் பார்க்கும். உறையும் வழி, நிறத்தின் வழி. இரண்டும் ஒரே விடையைச் சொல்கின்றனவா என்று நாற்பது பேரின் பிளாஸ்மாவைப் போட்டு ஒப்பிட்டு, வரைபடம் போட்டு, அக்காவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு வார வேலை. அந்தக் கையெழுத்து வந்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம்.

“வரைபடத்தக் கம்ப்யூட்டரே போட்டுரும்க்கா” என்றேன்.

“போடட்டும். நானும் போடுறேன்.”

மகளின் கணக்கு நோட்டிலிருந்து கிராஃப் தாளைக் கிழித்து வந்து, பென்சிலைச் சீவி, ஒவ்வொரு சோதனை முடிய முடியப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். படுக்கைக் கோட்டில் உறையும் வழி எண், செங்குத்தில் நிறத்தின் வழி எண். முதல் நாள் பன்னிரண்டு புள்ளி, அடுத்த நாள் பதினைந்து. எல்லாம் ஒரே சாய்கோட்டில் எறும்பு வரிசை போல ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முப்பத்தொன்பது புள்ளியும் வந்துவிட்டன.

நாற்பதாவது குப்பியை, மற்றவற்றைப் போலவே, இரண்டு வழியிலும் போட்டேன். உறையும் வழியில் அறுபத்திரண்டு. நிறத்தின் வழியில் பத்தொன்பது.

வரிசையைவிட்டு வெகுதூரம் கீழே, தன்னந்தனியாக ஒரு புள்ளி.

நான் நல்ல பிள்ளையாக நிறத்தின் வழியில் இன்னொரு முறை போட்டேன். பதினெட்டு. மூன்றாம் முறை. பத்தொன்பது. வராந்தாவுக்குப் போய் மதுரையில் இருந்த என் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“நாப்பதுல ஒண்ணுதானடா? ஃபிரீசர்ல கெடந்த சாம்பிள், கெட்டுப்போயிருக்கும். அத எடுத்துட்டு வேற ஒண்ணப் போட்டு நாப்பதாக்கு. கையெழுத்த வாங்கிட்டு பஸ் ஏறு” என்றார்.

உள்ளே வந்து ஃபிரீசரைத் திறந்து வேறொரு குப்பியை எடுத்தேன்.

“என்ன பண்ற?” அக்கா தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

“இது கெட்டுப்போன சாம்பிள்க்கா. மாத்திருவோம்.”

“கெட்டுப்போச்சுன்னு எதை வச்சு?”

“மூணு தடவ போட்டுட்டேன். ஒத்துவரல.”

“மத்த முப்பத்தொன்பதையும் மூணு தடவ போட்டியா?”

“அதுகதேன் ஒத்துவந்துருச்சேக்கா.”

பென்சிலைக் கீழே வைத்தார். “ஒத்துவந்தத ஒரே தடவையில நம்பிட்ட. ஒத்துவராதத மட்டும் மாறுற வரைக்கும் திருப்பித் திருப்பிப் போடுற. இது அளக்குறது இல்ல தம்பி, கெஞ்சுறது.”

எடுத்த குப்பியைத் திரும்ப ஃபிரீசரில் வைத்தேன்.

“அதோட, ஒரே குப்பியில இருந்து, ஒரே காலையில, ரெண்டு வழிக்கும் எடுத்துருக்க. கெட்டுப்போயிருந்தா ரெண்டுலயும்ல கொறையணும்? ஒரு வழிக்கு மட்டும் எப்படிக் கெடும்?” குப்பியின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஆண், இருபத்தாறு வயது. திராட்சைத் தோட்ட வேலை. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் செய்த பரிசோதனை. ஒரு முறை பல் பிடுங்கியபோது நான்கு நாள் ரத்தம் கசிந்தது என்று சொன்னதால், எட்டாம் காரணியையும் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். முந்தின வாரம் அறிக்கை போயிருந்தது. அறுபத்திரண்டு, இயல்பான அளவு. கீழே அக்காவின் கையெழுத்து. ஆபரேஷன் வியாழக்கிழமை.

அன்று செவ்வாய்.

“நிறம் சொல்றது நெசமா இருந்தா,” என்றார் மெதுவாக, “இந்தப் பையன் வயித்தத் தொறந்தா மூட முடியாது.”

அந்த ஆளிடம் புது ரத்தம் எடுக்க, ஆய்வகத்துப் பைக்கில் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அக்கா பின்னால் உட்கார்ந்து மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே நீலமூடிக் குழாய்கள் நான்கு. ஐஸ் வாங்கவா என்றதற்கு, “ரத்தமா இருக்கையில இதுக்குக் குளிர் ஆகாது. பிளாஸ்மா ஆனப்பறந்தேன் குளிர்” என்றார். சின்னமனூர் தாண்டும்வரை அவர் சொன்னது அவ்வளவுதான்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார் அந்த இளைஞர். நாலு வரிசை தள்ளி அவர் அம்மா. விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

“ரிப்போட்டு நல்லாருக்குன்னு டாக்டரு சொன்னாகளே?”

“அந்த ரிப்போட்ட எழுதுனது நாந்தேன் தாயி. ஒரு வழியில பார்த்தா நல்லாருக்கு. இன்னொரு வழியில பார்த்தா நல்லா இல்ல.”

“ரத்தத்துல என்ன ஆத்தா ரெண்டு வழி? இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்ல.”

அக்கா கொடியை விலக்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனார். “ஒங்க கூடப்பெறந்தவுக யாருக்காச்சும் ரத்தம் நிக்காம இருந்துருக்கா?” என்று கேட்டார்.

அந்த அம்மாவின் கை நின்றது. “எந்தம்பிக்கு. வாலிபத்துல ஒரு பல்லப் புடுங்கிட்டு அஞ்சு நாளு துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தான். அதுலருந்து பல்லு டாக்டரு இருக்குற தெருவுக்குள்ளயே போக மாட்டான். இடப்பக்கம் ரெண்டு கடவாப்பல்லு சொத்தை. பதினஞ்சு வருசமா வலப்பக்கமாத்தேன் மெல்லுறான். கல்யாண வீட்டுல கறிச்சோறு போட்டா, எல்லாரும் எந்திரிச்சப்பறமும் இவன் மட்டும் ஒக்காந்துருப்பான்.”

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தக் குறை தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது.

“அக்கா, மேஸ்திரிட்ட லீவு சொல்லிட்டேன்,” என்றார் அந்த இளைஞர் சட்டைக் கையை மடித்தபடி. “ஆப்பரேசன் நடக்குமா, நடக்காதா?”

“நடக்கும். வியாழக்கிழமையான்னுதேன் தெரியாது.”

புது ரத்தத்தில் உறையும் வழி அறுபத்துநான்கு காட்டியது. நிறத்தின் வழி பதினெட்டு.

அக்கா அத்தோடு விடவில்லை. ஆய்வகத்தின் சொந்தக்காரரான டாக்டரைக் கூப்பிட்டு, “கண்ண மூடிக்கிட்டு இதுல அஞ்சு குப்பிய எடுங்க டாக்டர்” என்று, ஒத்துப்போயிருந்த முப்பத்தொன்பதையும் நீட்டினார். அவரும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்தார். ஐந்தையும் இரண்டு வழியிலும் மறுபடி போட்டேன். ஐந்தும் முன்போலவே ஒத்துப்போயின. இயந்திரத்தில் பிழை இல்லை, குப்பியில் பிழை இல்லை. அந்த மனிதரின் உடம்பில் இருப்பதே அப்படித்தான்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஏம்மா, போன ரிப்போர்ட்டத் திரும்ப வாங்குனா, ஊருக்குள்ள நம்ம லேபப் பத்தி என்ன பேசுவாக?”

“கையெழுத்து என்னது டாக்டர். நானே போயி வாங்கிட்டு வந்துர்றேன்.”

புதன்கிழமை காலை அறுவை மருத்துவரின் அறையில் நாங்கள் இருவரும் நின்றோம். அவர் பழைய தாளையும் புதிய தாளையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தார்.

“போன வாரம் அறுபத்திரண்டுன்னு எழுதுனது நீதானம்மா? இப்ப பதினெட்டுங்கிற. நாளைக்கு இன்னொரு மெஷின் வாங்குனா நாப்பதும்பியா? உங்க மெஷினுக சண்டை போட்டு முடிச்சப்பறம் சொல்லிவிடு, நான் கத்தியை எடுக்குறேன்.”

வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும் குரல். நானாக இருந்தால் அங்கேயே கரைந்திருப்பேன். அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“ரெண்டு நம்பரும் சரிதேன் சார். எதை வச்சு அளந்தேன்னு ரிப்போர்ட்ல எழுதாம விட்டதுதேன் தப்பு. ஊர்ல போற வர்றவுககிட்ட எல்லாம் கேக்குறேன், எதை வச்சு எதை வச்சுன்னு. எங்க ரிப்போர்ட்டுத் தாள்ல அதுக்கு ஒரு கட்டம் இல்ல. அது எனக்கு இத்தன வருசமாத் தெரியல.”

 மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, ரெண்டும் சரின்னா நான் எதை நம்பணும்?”

அக்கா என்னைப் பார்த்தார். இயந்திரத்துக்காரன் நான்தானே. கம்பெனிப் பயிற்சியில் ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது, எதுவும் வாய்க்கு வரவில்லை. வந்தது அப்பாதான்.

“எங்கப்பா லோடு ஏத்துறவரு சார்” என்றேன். “புதுசா ஒரு ஆளு வேலைக்கு வந்தா, மொத மூட்டைய எப்படித் தூக்குறான்னு பார்த்துப் பலத்தச் சொல்ல மாட்டாரு. மொத மூட்டைய எல்லாருந்தேன் தூக்குவாக. பத்தாவது மூட்டையப் பார்ப்பாரு. உறையுற வழியில ஒரு நிமிசத்துக்குள்ள சோதனையே முடிஞ்சுருது. மொத மூட்டை. இந்த அண்ணனோட எட்டாம் காரணி அதத் தூக்கிருது. நிறத்து வழியில அஞ்சாறு நிமிசம் வேலை வாங்குறோம். அதுக்குள்ள அது பிரிஞ்சு விழுந்துருது. ஆப்பரேசன்னா பத்தாவது மூட்டைதானே சார்.”

அவர் இரண்டு தாளையும் மேசையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, வியாழக்கிழமைப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்தார்.

“மதுரைக்கும் ஒண்ணு அனுப்பும்மா,” என்றார். “அங்கன என்ன சொல்றாகன்னும் பார்த்துருவோம்.”

இன்னொரு வழியிலும் பார்ப்போம் என்று ஒருவர் தானாகவே சொல்லி அக்கா கேட்டது அன்றுதான் முதல்முறையாக இருக்கவேண்டும். படியிறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். புது வளையல் போட்ட பிள்ளையின் முகம்.

மதுரையிலிருந்தும் அதே விடை வந்தது. எட்டாம் காரணி ஊசியை அரசு மருத்துவமனை வழியாக வாங்கி, முன்னும் பின்னும் போட்டு, அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ரத்தம் எதிர்பார்த்த அளவைத் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் அந்த இளைஞர் தன் காலால் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மருத்துவர் ஆய்வகத்துக்கே ஃபோன் செய்து அக்காவைக் கேட்டார். “காஞ்ச கட்டும்மா, சொட்டு ரத்தம் கசியல” என்று அவர் சொன்னது ஸ்பீக்கர் போடாமலேயே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதன்பிறகு அவரிடமிருந்து வரும் சீட்டுகளில் ‘இரண்டு முறையிலும்’ என்று அவர் கையெழுத்திலேயே எழுதி வரும்.

அறிக்கைத் தாளில் ‘முறை’ என்று புதிதாக ஒரு கட்டம் வந்தது. அச்சகத்திலிருந்து புதுத் தாள் வரும்வரை பொறுக்காமல், இருந்த பழைய தாள் கட்டு முழுவதிலும் அளவுகோல் வைத்து அந்தக் கட்டத்தைக் கையாலேயே போட்டார். நானும் நூறு தாளுக்குப் போட்டேன்.

என் கம்பெனிக்கு நாற்பது புள்ளியோடுதான் வரைபடத்தை அனுப்பினேன். மேனேஜர் ஃபோனில் என்னை வறுத்தெடுத்தார். கடைசியில் தாளின் அடியைப் பார்த்துவிட்டு அமைதியானார். அக்கா கையெழுத்துப் போட்டிருந்தார். மேலே, ‘நாற்பதும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார். வேலை நிரந்தரமானது. பென்சிலால் போட்ட அவருடைய கிராஃப் தாள் ஆய்வகச் சுவரில், அந்த நாலு நிமிடக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டப்பட்டது. தனிப்புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம்.

மூன்று மாதம் கழித்து இயந்திரத்தைச் சர்வீஸ் செய்யப் போயிருந்தேன். மதியம் போல ஒரு மனிதர் திராட்சைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். பின்னாலேயே சிரித்துக்கொண்டு அந்த இளைஞர். வந்தவர் அவருடைய தாய்மாமன் என்று சொல்லாமலே தெரிந்தது. அவருடைய பிளாஸ்மாவையும் அக்காதான் இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து அனுப்பியிருந்தார். அதே கதை, அதே இடைவெளி. ஊசி போட்டுப் பல் பிடுங்க ஏற்பாடாகியிருந்தது.

பெட்டியை மேசையில் இறக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். இரண்டு கடைவாய்ப்பற்கள்.

“புடுங்கி ரெண்டு வாரமாச்சு ஆத்தா. ஒங்ககிட்டக் காட்டாம எப்படித் தூரப்போடுறதுன்னு வச்சுருக்கேன்.”

“ரத்தம் எவ்வளவு நேரத்துல நின்னுச்சு?”

“அரை மணி நேரங்கூட ஆகல.”

“எதை வச்சுப் பார்த்தீக?” என்றார் அக்கா.

அந்தக் கேள்விக்காகவே பஸ் ஏறி வந்தவரைப் போல அவர் மருமகனைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். இளைஞர் நான்காய் மடித்த ஒரு தாளைக் கொடுத்தார்.

“செல்லுல இருபத்தஞ்சு நிமிசம். டாக்டரு ரூமுக் கடிகாரத்துல இருபத்தாறு. ரெண்டையும் எழுதியாந்துருக்கோம்.”

அக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து, மூலையில் அன்றைய தேதியைப் போட்டார். பிறகு சுவரருகே போய், கிராஃப் தாளில் வட்டமிட்ட அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் அதை ஒட்டினார். 

மாமன் பெட்டியிலிருந்து ஒரு திராட்சையைப் பிய்த்து, இடப்பக்கமாகப் போட்டு மென்றார்.